‘ங்க’வை வீட்டில் வைத்துவிட்டு

என் மகளுக்கு சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆர்டர் வந்த நாளிலிருந்து அவள் பயிற்சிக்குப் போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டில் பெரிய வேலையாக இருந்தது ஒன்றுதான். அவளுக்குக் கத்தக் கற்றுக்கொடுப்பது.

மற்றதெல்லாம் அவளுக்கு வந்தது. விடிந்ததும் பள்ளி மைதானத்தில் ஓடிவிட்டு வருவாள். உள்ளங்கை தோலுரியக் கயிறு ஏறினாள். சட்டப் புத்தகங்கள் அவளுக்குப் பாட்டுப் போல மனப்பாடம். குரல்தான் வரவில்லை.

இதைக் கண்டுபிடித்தது அடுத்த தெருப் பெண். கொஞ்ச காலம் முன்பு போலீசில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவள், லீவில் திண்டிவனம் வந்திருந்தாள். என் மகள் அவளை அக்கா என்பாள். ஆர்டர் வந்த செய்தி கேட்டு வாழ்த்துச் சொல்ல வந்தவளை என் மகள் வாசலிலேயே எதிர்கொண்டு, “வாங்கக்கா, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா?” என்றாள்.

அந்தப் பெண் உட்காரவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாடி இது, கல்யாண வீட்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி பேசிக்கினு இருக்க? நாளைக்கு ஸ்டேஷனுக்கு ஒரு திருடன் வந்தா, ‘வாங்க, உக்காருங்க, ஏங்க திருடுனீங்க’ன்னு கேப்பியா? நானே உனக்கு சல்யூட் அடிக்கணும்டி. உன் கொரலக் கேட்டா சல்யூட் அடிக்கிற கையால வாய மூடிக்கினு சிரிப்பேன்.”

என் மனைவி வறுத்த மல்லாட்டைக் கடலையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். “எல்லாம் இவரு பழக்குனது. இந்த மனுசன் தெருநாயப் பாத்தாகூட ‘நகருங்க’ன்னுதான் சொல்லுவாரு.”

அது உண்மைதான். நான் பி.காம். படித்துவிட்டு வக்கீல் குமாஸ்தாவாக ஆனவன். திண்டிவனம் கோர்ட்டில் தலை நரைத்துக்கொண்டிருக்கிறேன். என் வேலையில் பாதி சட்டம், மீதி ‘ங்க’. சம்மன் கொண்டுபோகிற அமீனாவுக்கு ஒரு ‘ங்க’, நகல் பிரிவில் ஒரு ‘ங்க’, ஸ்டேஷன் ரைட்டருக்கு இரண்டு. ‘ங்க’ போட்டால் இன்று கிடைக்கிற கேஸ் கட்டு, போடாவிட்டால் அடுத்த வாரம். வீட்டிலும் அதுவே நாக்கில் படிந்துவிட்டது. மகள் தவழ்ந்த காலத்திலேயே அவளை “வாங்க பாப்பா, சாப்பிடுங்க பாப்பா” என்றுதான் கூப்பிட்டேன். அவளும் அப்படியே பேசப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கிண்டல் செய்தார்கள். நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். இந்த ஊரில் என்னால் பிள்ளைக்கு வாங்கித்தர முடிந்த ஒரே நகை அது என்று நினைத்திருந்தேன்.

“‘ங்க’வ வீட்லயே வெச்சிட்டு வந்துடு. அங்க பொட்டியில அதுக்கு எடம் இருக்காது” என்றாள் அந்தப் பெண், மல்லாட்டையை உடைத்துக்கொண்டே. சிரிப்பு போயிருந்தது. “வெளையாட்டுக்கு சொல்லல. பொம்பள எஸ்.ஐ. மொதல் நாள் ‘ங்க’ போட்டான்னா அப்புறம் ஸ்டேஷன்ல இருக்கிற டேபிள் சேர்கூட அவ பேச்சக் கேக்காது. நான் பாத்திருக்கேன்.”

அதற்குப் பிறகுதான் பழக்கம் ஆரம்பித்தது. காலையில் மொட்டை மாடிக்குப் போய் நின்று, எதிரில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து “ஸ்குவாட், அட்டென்ஷன்!” என்று கத்துவாள். முதலில் கோழி கொக்கரிப்பதுபோல் இருந்தது. பால்காரர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, “இன்னா சார், மாடியில எலெக்ஷன் பிரச்சாரமா?” என்று கேட்டார். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள் என் மனைவி.

சாயங்காலம் வேறு பயிற்சி. அதையும் அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் ஒருவரை அக்யூஸ்டாக உட்காரவைத்து விசாரிக்க வேண்டும்.

“நாங்கள்லாம் தலகாணிய நிக்க வெச்சி கேட்டோம்” என்றாள்.

“தலகாணி எதுக்கு? அப்பா சும்மாதான இருக்காரு” என்றாள் என் மனைவி.

கூடத்தின் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். மகள் எதிரில் வந்து நின்றாள். முகத்தை இறுக்கிக்கொண்டாள். “நேத்து சாயங்காலம் எங்கங்க இருந்தீங்க?”

“கோர்ட்டுலங்க” என்றேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “பொய்யி. டீக்கடையில ஒக்காந்து அரசியல் பேசிக்கினு இருந்தாரு. தூக்கி உள்ள வைடி.”

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “பேஜாரு குடும்பம்டி உன்னுது.”

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. தினமும் கோர்ட் முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவேன். என்ன குற்றம் என்பதை என் மனைவிதான் முடிவுசெய்வாள். ஒருநாள் கோழி திருடினேன். ஒருநாள் பஸ்ஸில் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்தேன். மகளின் வாயில் ‘ங்க’ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் “எங்கங்க” போனது. “இருந்தீங்க” மட்டும் நின்றது. பிறகு “இருந்தீங்”குடன் நாக்கைக் கடித்து நிறுத்தினாள். பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாரை எடுப்பதுபோல அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலமும் ஓடிவிட்டு மைதானத்திலிருந்து களைத்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வியர்வை காயாத முகத்துடன் நேராகக் கூடத்துக்கு வந்து, பக்கத்திலிருந்த மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

“ஏய். தலையத் தூக்கு. உன்னத்தான்யா. நேத்து எங்க இருந்த?”

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். எழும்படி யாரும் சொல்லவில்லை. என் இரண்டு கைகளும் தாமாக மடங்கி நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன. முதுகு வளைந்தது.

“கோர்ட்டுலங்கம்மா.”

“யாரு கூட?”

“தனியாத்தாங்கம்மா. தப்புங்கம்மா.”

அடுக்களையில் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மட்டும் கைதட்டினாள். “வந்துடுச்சுடி! வந்துடுச்சு! இதான்டி கொரல்!” என் மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எழுத்துத் தேர்வில் தேறியபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றேன். தண்ணீரைத் திறந்து விட்டேன், முகம் கழுவவில்லை. இடது கன்னம் சூடாக இருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் சூடாக இருந்தது.

அந்தச் சூடு பழையது. மகள் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். அவருடைய படகு இஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் எழுதி, அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது முக்கியமில்லை. வழியில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வண்டியின் முன்னால் உட்காரவைத்திருந்தேன். ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, “இங்கயே இருங்க பாப்பா, அப்பா வந்துடுறேன்” என்றேன். வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே மேஜை தெரியும்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்கி ஓரமாக வைத்தார். போகச் சொன்னார். நான், “மனு ரசீது குடுத்தீங்கன்னா நல்லா இருக்குங்கய்யா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். பெரிய கோபம்கூட இல்லை. ஈ அடிப்பதுபோல அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மீனவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தப்புங்கய்யா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டேன். அவள் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில்தான் அந்த நம்பிக்கை ஆட ஆரம்பித்தது.

ஆனால் அதோடு வேறொரு நம்பிக்கை முளைத்தது. ஒருவேளை பார்த்திருப்பாள், அதனால்தான் போகிறாள் என்று. என் பிள்ளை அந்த மேஜைக்குப் பின்னால் உட்காருவாள், குப்பத்திலிருந்து வருகிற ஆளை உட்காரச் சொல்லுவாள், கேட்காமலே ரசீது கொடுப்பாள். பஸ்ஸில் போகும்போது, கோர்ட் வராந்தாவில் காத்திருக்கும்போது, இதையே திரும்பத் திரும்ப நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் கேட்டதில்லை.

குழாயடியில் நின்ற அன்று கேட்டுவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அந்த வாரக் கடைசியில் தகரப்பெட்டி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கொசுவலை எல்லாம் வாங்க விழுப்புரம் போனோம். முடியையும் வெட்ட வேண்டியிருந்தது. அங்கே போய் வரிசையில் நின்று வெட்டிக்கொள்வதைவிட இங்கேயே ஒழுங்காக வெட்டிக்கொண்டு போவது மேல் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். என் மனைவி வரவில்லை. முடி வெட்டுவதைப் பார்க்க முடியாது என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மகள். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை பேச்சு எடுக்க முடியவில்லை. பிறகு, ஏதோ கேஸ் கட்டைப் பற்றிக் கேட்பதுபோல, “சின்ன வயசுல ஒருதரம் உங்கள ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போனேன், ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“இருக்கு.”

“வண்டியில ஒக்காந்து இருந்தீங்க.”

“அடிச்சதப் பாத்தேன்பா” என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

“நீங்க மனு ரசீது கேட்டீங்க. அது சரிதான். சட்டப்படி அவரு குடுத்தே ஆகணும். பரீட்சைக்குப் படிக்கும்போது அந்த எடம் வந்தப்ப எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் ஏன்பா ‘தப்புங்கய்யா’ன்னு சொன்னீங்க?”

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தப்பு பண்ணீங்க? ஒண்ணும் பண்ணல. தப்பே பண்ணாத ஆளு கையக் கட்டிக்கினு தப்புன்னு சொன்னா, அவரு இன்னா நெனப்பாரு? இன்னொருதரம் அடிக்கலாம்னுதான் நெனப்பாரு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு அவரு மேல கோவமே வரலப்பா. உங்க மேலதான் வந்துச்சு. அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நிக்கவே கூடாதுன்னு அன்னிக்கே தோணிடுச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.”

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா ஜன்னலில் தட்டினாள். மகள் வேண்டாம் என்று கை அசைத்தாள்.

“நீங்க யாரையாச்சும் அடிப்பீங்களா?” என்று கேட்டேன். இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் உடனே இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அப்பாவின் திருப்திக்காகவாவது சொல்வாள். அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“அது அங்க போனாத்தான்பா தெரியும்.”

விழுப்புரத்தில் என்னென்ன வாங்கினோம் என்பது சரியாக ஞாபகமில்லை. பெட்டிக்குப் பூட்டு நான் வாங்கவில்லை, அவள்தான் நினைவாக வாங்கினாள். பியூட்டி பார்லரில் நான் வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முடிவெட்டும் பெண்மணி மொத்தமாகப் பிடித்துக் கத்தரித்தாள். கண்ணாடியில் மகளின் கழுத்து முதன்முறையாக முழுதாகத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு பார்லர் பெண்மணி கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

“ஐயோ, அழாதீங்க சார். முடிதான, வளந்துடும். போலீஸ் ஆபீசருக்கு அப்பா நீங்க, தைரியமா இருங்க.”

மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் முடிக்காக அழவில்லை என்று. 

அன்றிலிருந்து அவள் என்னை ஸ்டூலில் உட்காரவைக்கவில்லை. தலையணையை நிற்கவைத்துக் கேட்டாள். தலையணை ஒழுங்காகப் பதில் சொல்லாததால் அதன் மேல் இரண்டு தட்டு விழும். என் மனைவி, “பஞ்சு பறக்குது, மெதுவாடி” என்பாள். நான் கோர்ட்டிலிருந்து மெதுவாக வர ஆரம்பித்தேன்.

சேர வேண்டிய நாளில் வண்டி பிடித்து மூவரும் போனோம். சென்னைக்குச் சற்று முன்னால் உயரமான மதில் சுவர், பெரிய கேட். கேட்டுக்கு வெளியே எங்களைப் போல ஏகப்பட்ட அப்பா அம்மாக்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு தகரப்பெட்டி. சிலர் விபூதி வைத்துவிட்டார்கள், சிலர் செல்ஃபி எடுத்தார்கள். என் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜல்தியா சாப்பிடப் பழகிக்க, அங்க ஒன்ன மாதிரி ரசிச்சி சாப்பிட்டா சோறு தீந்துடும்” என்றாள். மகள் சிரித்தாள். என்னிடம், “வர்றேன்பா, ஒடம்பப் பாத்துக்கங்க” என்றாள்.

உள்ளே போனதும் அவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். கேட் கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. தொப்பி போட்ட ஒருவர் வரிசைக்கு முன்னால் நடந்தார். அவர் குரல் மதிலில் பட்டுத் திரும்பியது.

“ஏய், நீலச் சுடிதாரு! உன்னத்தான். இங்க இன்னா வேடிக்கையா காட்றாங்க? பொட்டியத் தலைமேல தூக்கு!”

நீலச் சுடிதார் என் மகள்.

இத்தனை நாள் மொட்டை மாடியில் கத்திப் பழகியவள். “யெஸ் சார்” என்று சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். என் மகளின் கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே மடங்கின. முதுகு வளைந்தது. பெட்டி காலடியிலேயே கிடந்தது.

“சரிங்கய்யா” என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, “தப்புங்கய்யா.”

வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். தொப்பிக்காரரும் ஒரு நொடி சிரிக்கத்தான் பார்த்தார். “ங்கய்யாவா? பண்ணையில கூலிக்கா வந்திருக்க? யெஸ் சார் சொல்லு! கையக் கீழ போடு!” அவள் பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள். “பாத்தீங்களா, நம்ம பொண்ணு மரியாதைய மறக்கல.”

அது மரியாதை இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தத் தொனியை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைக்கு நான் போட்டுவிட்ட நகை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்பது, அந்தக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. பயந்தால் அவள் வாயில் வருவது என் குரல்தான். கை மடங்குவதுகூட என் கை.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. அவள் இப்படியே குனிந்து நின்றால் அந்த மைதானத்தில் அவளை நசுக்கிவிடுவார்கள். நிமிர்ந்துவிட்டால், நாளை ஏதாவது ஒரு ஸ்டேஷனில் அவள் மேஜைக்கு முன்னால் இன்னொருவர் கைகட்டி நிற்பார். தன் பிள்ளையை வாசலில் வண்டியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தவராகக்கூட அவர் இருக்கலாம். இரண்டில் எதற்காக நான் சாமி கும்பிடுவது? மயிலம் கோயிலுக்கு என் மனைவி போகலாம் என்றாள். போனோம். அவள் நெடுநேரம் கண்மூடி நின்றாள். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் தருகிறார்கள். ஆரம்பத்தில் அழுதாள். காலில் கொப்புளம், முதுகு வலி, சாப்பாடு பற்றியெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். “ங்கய்யா” என்றுதான் தன்னை எல்லோரும் கூப்பிடுவதாக ஒருநாள் சொன்னாளாம். பிறகு அழுகை நின்றுவிட்டது. போன வாரம் நான் எடுத்தேன். மறுமுனையில் பேசியது யார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, ஒரு பெரிய மனுஷியின் குரல்.

“இப்ப நல்லா வருதுப்பா கொரலு. நேத்து ஸ்குவாட் முழுக்க நான்தான் நடத்துனேன். ஒருத்தரும் சிரிக்கல.”

“சந்தோஷம்” என்றேன்.

“சந்தோஷமாவா இருக்கு?”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

 பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்துவது கேட்டது. அவள் போனை விலக்கிக்கொண்டு, “இரு, வர்றேன்!” என்று அதட்டினாள். அந்தப் பக்கம் சத்தம் உடனே அடங்கியது.

“அம்மாகிட்ட குடு” என்றாள்.

கொடுத்தேன்.